அத்தைக்கு வந்த நாலாயிரம் கடிதங்கள்

திங்கட்கிழமை காலையில் அத்தையின் இன்பாக்ஸில் நாலாயிரத்து முப்பத்தாறு கடிதங்கள் படிக்காமல் கிடந்தன. அதற்கு முந்தின திங்கட்கிழமை அறுநூறு. போன மாதமெல்லாம் ஒரு நாளைக்கு இருபது வந்தாலே அதிகம்.

அத்தை தலைக்குக் குளித்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஈரம் கழுத்தில் வடிய வடிய, கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரே ஒரு நாள் காய்ச்சல்னு படுத்தேன். அதுக்குள்ள பாரு, எத்தனை பேர் வாசல்ல வந்து நிக்கிறாங்க."

"கல்யாண வீட்டுக்குக்கூட இவ்வளவு கூட்டம் வராது," என்றாள் அம்மா. அவள் சலவைக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டி, செருப்பைத் தேடுகிற சாக்கில் என்னவோ முணுமுணுத்தாள்.

"முதுகைக் காட்டிப் பேசாதே," என்றாள் அத்தை. "நீ திரும்பி நின்னாலே என்னைத்தான் சொல்றேன்னு தெரியும்."

அம்மா நேராகத் திரும்பி, ஒவ்வொரு எழுத்தாக வாயைத் திறந்து சொன்னாள்: "தெரிஞ்சா சரி, அண்ணி."

அத்தைக்குக் காது கேட்காது. நாலு வருடமாகச் சுத்தமாகக் கேட்பதில்லை. அப்பாவின் அக்கா அவள். ஒரு பெரிய தொழிற்சாலையின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். அங்கே அவளுக்கு ஒரு விதி இருந்தது. மூன்றாவது மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட வேண்டும். எடுத்தால் "வணக்கம்" சொல்ல வேண்டும். கேட்ட ஆள் இல்லையென்றால் அதையாவது மரியாதையாகச் சொல்லி வைக்க வேண்டும். யாரையும் தொங்கலில் விடக் கூடாது. இருபத்தாறு வருடத்தில் ஒரு அழைப்பைக்கூட அவள் அப்படி விட்டதில்லை என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். முதலில் இடது காது போனது. இயர்போனை வலது பக்கம் மாற்றிக்கொண்டு மூன்று வருடம் ஓட்டினாள். அதுவும் போனபோது வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்து சேர்ந்தாள்.

எதிரே நின்று நிதானமாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். அம்மா பேசுவது ஒரு சொல் தப்பாது. என் பேச்சு மட்டும் அவளுக்குப் பிடிபடாது. "நீ வாயைத் திறக்காமலே பேசுறே. உன் உதட்டைப் படிக்க பூதக்கண்ணாடி வேணும்," என்பாள். அதனால் நான் கிழித்த நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவேன். பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்தியதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறேன். ஒரு சட்டைக் கம்பெனிக்குப் பித்தான் தைத்துக் கொடுக்கிறேன். அதனால் பகல் முழுக்க வீட்டில் நானும் அத்தையும் மட்டும்தான். அப்பா கப்பலில் சமையல்காரர். வருடத்தில் இரண்டு மாதம் கரையில் இருப்பார்.

டெலிபோன் போன பிறகு அத்தைக்கு மின்னஞ்சல்தான் எல்லாம். அவளோடு எக்ஸ்சேஞ்சில் இருந்த நாலு பேர் நாலு ஊரில் இருக்கிறார்கள். தினமும் எழுதிக்கொள்வார்கள். நடுவில் எங்கிருந்தோ முழங்கால் வலித் தைலத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அத்தை பதில் எழுதினாள். பிறகு முடி வளர ஒன்று, மெத்தைக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாள். எழுதியவனைத் தொங்கலில் விடக் கூடாதில்லையா?

ஆரம்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினாள். இளைப்பதற்கான மாத்திரைக்காரனுக்கு, "நான் ஏற்கெனவே ஒல்லி. ஆனாலும் நினைத்துக் கேட்டதற்கு நன்றி." மனைவியை இழந்து தனியாகத் தவிப்பதாக எழுதிய ராணுவ அதிகாரிக்கு ஒரு பக்கம்: காலையில் நடக்கவும், உப்பைக் குறைக்கவும், உறவுக்காரர்களோடு சமாதானமாகப் போகவும். அவர் மறுநாளே மறுபடி எழுதினார். "பாவம், வேற ஆள் இல்லபோல," என்றாள் அத்தை. நான் அதைத் தப்பாக நினைக்கவில்லை. பித்தான் தைத்துக்கொண்டே படித்துப் பார்த்துச் சிரித்தேன், அவ்வளவுதான்.

கூட்டம் கூடக்கூட தனித்தனியாக எழுத முடியவில்லை. ஒரே பதிலை எழுதி வைத்துக்கொண்டு எல்லாருக்கும் அதையே ஒட்டி அனுப்ப ஆரம்பித்தாள். ஒரு காலை நேரத்தில் நூறு பதில். நகத்தால் மேசையைத் தட்டிக்கொண்டே அனுப்புவாள். பழைய எக்ஸ்சேஞ்ச் வேகம் திரும்பிவிட்டதுபோல அவள் முகம் இருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம், நாலாயிரத்தில் எழுபது பேருக்குப் பதில் போட்டிருந்த நிலையில், திரையின் மேலே சிவப்புப் பட்டை ஒன்று வந்தது. அத்தை என் தோளைத் தட்டிக் கூப்பிட்டாள். *உங்கள் பெட்டி நிரம்பிவிட்டது. இனி வரும் கடிதங்கள் அனுப்பியவருக்கே திருப்பப்படும்.*

அத்தையின் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது.

"ஆஸ்பத்திரிக் கடிதம்," என்றாள்.

அதைத்தான் நானும் நினைத்தேன். உள்காதில் ஒரு சின்னக் கருவி வைத்தால் அத்தைக்குக் கேட்கும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். வருடத்துக்கு இருபது பேருக்குத்தான் வைப்பார்கள். அத்தை பெயர் பட்டியலில் ஏறி இரண்டு வருடம் ஆகிறது. முறை வரும்போது கடிதம் வரும். ஐந்து நாளுக்குள் "வருகிறேன்" என்று பதில் போட வேண்டும். போடாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். நாம் பட்டியலின் கடைசியிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். "காது எவ்வளவு நாள் சும்மா கிடக்குதோ அவ்வளவுக்கு நரம்பு மறந்துடும். அதனால முறை வந்தா விட்டுடாதீங்க," என்று டாக்டர் அத்தையின் முகத்துக்கு நேராகக் குனிந்து சொல்லியிருந்தார்.

போனில் சொல்லமாட்டார்களா என்றால், அது அத்தை செய்த வேலை. விண்ணப்பத்தில் தொலைபேசி எண் கேட்ட கட்டத்தில் ஸ்கேல் வைத்து அழுத்தமாக ஒரு கோடு போட்டுவிட்டாள். "கேக்காதவளுக்கு எதுக்கு போன்? காதைப் பத்தி எழுதுற பாரத்துலயே இந்தக் கேள்வி!" என்று அன்றைக்கு முழுக்கக் கோபம். மின்னஞ்சல் முகவரி மட்டும்தான் கொடுத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் நாள்காட்டித் தாளில் எழுதிக் காட்டினேன்: "எல்லாத்தையும் அழிச்சாத்தான் புதுசு உள்ள வரும்."

"பதில் போடாம எப்படி அழிக்கிறது?"

"அத்தை!" என்று எழுதிப் பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி போட்டேன்.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். "சரி, அழி. நான் பாக்கலை." அடுப்படிக்குப் போய், ஏற்கெனவே துலக்கி வைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடி துலக்க ஆரம்பித்தாள்.

ஒரு பக்கத்தில் ஐம்பது கடிதங்கள். ஐம்பதைக் குறித்து அழித்தால் அடுத்த ஐம்பது மேலே ஏறிவரும். முதல் பத்துப் பக்கங்களை ஒவ்வொரு தலைப்பாகப் படித்துத்தான் அழித்தேன். *தாங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள். உடனே உறுதிசெய்யவும். இது கடைசி வாய்ப்பு. தங்களுக்காக ஓர் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.* கண் எரிந்தது. பிறகு, மொத்தத்தையும் ஒரே தடவையில் குறிக்க ஒரு கட்டம் இருப்பதைக் கண்டுபிடித்தேன். அழுத்தினேன். நாலாயிரமும் போய்விட்டன. வெள்ளைப் பக்கம். வீட்டைக் கழுவிவிட்டது மாதிரி இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பித்தான் தைக்க உட்கார்ந்தேன்.

அம்மா சாயங்காலம் வந்ததும் பெருமையாகச் சொன்னேன். அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அந்த நாலாயிரத்துல ஆஸ்பத்திரிக் கடிதம் இருந்திருந்தா?"

அத்தை எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சொன்னது அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

புதன்கிழமை நானும் அத்தையும் எலி டாக்டரிடம் போனோம். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரர் அவர். கெட்டுப்போன மவுஸ்களையெல்லாம் வாலைக் கட்டிக் கடை வாசலில் தொங்கவிட்டிருப்பார். அதனால் அந்தப் பெயர். கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்ப்பார்.

உள்ளே சூடான ஈயத்தின் வாசனை. ஒரு பக்கம் வயிறு திறந்த கம்ப்யூட்டர்கள் அடுக்கியிருந்தன. சொல்ல வேண்டியதையெல்லாம் வீட்டிலேயே தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். நீட்டினேன். அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பேச வராதாம்மா?"

"வரும்," என்றேன்.

"யாருக்குக் காது கேக்காது, உனக்கா, அவங்களுக்கா?"

"எனக்கு," என்றாள் அத்தை, அவர் உதட்டைப் பார்த்தபடி. "அவளுக்கு வாய்தான் கொஞ்சம் மந்தம். நீங்க விஷயத்தைப் பாருங்க."

அவர் அத்தையின் கணக்கைத் தன் கம்ப்யூட்டரில் திறந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு நாற்காலியை அத்தை பக்கம் திருப்பினார்.

"அம்மா, இவனுங்களுக்கெல்லாம் நீங்க பதில் போட்டீங்களா?"

"போடாம?"

"எத்தனை பேருக்கு?"

"வந்த எல்லாருக்கும்."

எலி டாக்டர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "இவன் தெருவுல இருக்கிற எல்லாக் கதவையும் தட்டிப் பாக்குறான். எந்த வீட்டுல ஆள் இருக்குன்னு அவனுக்கே தெரியாது. நீங்க என்ன பண்ணீங்க? கதவைத் தொறந்து, வாங்க உக்காருங்க, இன்னிக்கு ஒண்ணும் வேணாம், போயிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கீங்க. அவன் போய் ஊருக்கே சொல்லிட்டான், அந்த வீட்டுல ஒரு நல்ல அம்மா இருக்காங்கன்னு."

அத்தைக்கு முகம் சுருங்கியது. "மரியாதைக்கு எழுதினேன்," என்றாள்.

"மரியாதைக்குத்தான் இவ்வளவும் வருது. அவன்ல பாதி மனுஷனே இல்லம்மா, மிஷினு."

"மிஷினா?" அத்தை யோசித்தாள். "அந்த மிலிட்டரிக்காரர்?"

"அவர் மிலிட்டரியும் இல்ல, அவருக்குப் பொண்டாட்டி செத்துப்போகவும் இல்ல."

"உப்பைக் குறைக்கச் சொன்னேனே," என்றாள் அத்தை, பாதி தனக்குள்ளேயே.

நான் அழித்துவிட்ட விஷயத்தை நானே வாய்விட்டுச் சொன்னேன். எலி டாக்டர் சிரித்தார். "எங்க போயிடும்? நீ குப்பைத்தொட்டியிலதான் போட்டிருக்கே. தொட்டி இன்னும் வீட்டுக்குள்ளதான் இருக்கு. அதனாலதான் இடமும் காலியாகலை, பாரு, சிவப்புப் பட்டை அப்படியே இருக்கு. தொட்டியைக் கவுக்காம விட்டே, பொழைச்சே." பிறகு கேட்டார்: "ஆஸ்பத்திரியில ஏதாவது நம்பர் குடுத்திருப்பாங்களே?"

அத்தை கைப்பையிலிருந்து நோயாளி அட்டையை எடுத்தாள். அவர் அதிலிருந்த ஏழு இலக்க எண்ணைத் தேடும் கட்டத்தில் போட்டார்.

இரண்டு கடிதங்கள் வந்தன.

முதலாவது குப்பைத்தொட்டியில் இருந்தது. சனிக்கிழமை காலை வந்தது. தலைப்பு: *தாங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள். ஐந்து நாட்களுக்குள் உறுதிசெய்யவும்.* ஆஸ்பத்திரியின் பெயர் உள்ளே, மூன்றாவது வரியில்தான் இருந்தது.

"வந்திருக்கு! வந்திருக்கு!" என்று அத்தை என் கையைப் பிடித்து உலுக்கினாள். "சனிக்கிழமைலேர்ந்து அஞ்சு நாள்னா நாளைக்கு வரைக்கும் இருக்கு."

நான் இரண்டாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அனுப்பியவை என்ற பகுதியில் இருந்தது. அதே சனிக்கிழமை, பதினோரு நிமிடம் கழித்து. எலி டாக்டர் அதைத் திறந்தார். மூன்று பேரும் சேர்ந்து படித்தோம்.

*வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது, மகிழ்ச்சி. தங்கள் சேவை எங்களுக்குத் தற்போது தேவையில்லை. தங்கள் வியாபாரம் மேன்மேலும் வளர வாழ்த்துகிறேன். நன்றி.*

கடைக்குள் ஒரு மின்விசிறி மட்டும் கிறீச் கிறீச்சென்று சுற்றியது. அத்தைக்கு அது கேட்காது. அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். காய்ச்சல் தொடங்கிய நாள் அது. தலையைக் கையில் தாங்கிக்கொண்டு, திறந்துகூடப் பார்க்காமல் வரிசையாக ஒட்டி ஒட்டி அனுப்பியிருக்கிறாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன்.

"என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன்," என்றாள்.

எலி டாக்டர் ஆஸ்பத்திரிக் கடிதத்தை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்தார். பிறகு புதிதாக ஒரு முகவரி திறந்து, ஒரு துண்டுத் தாளில் எழுதி என் கையில் கொடுத்தார். "இதை அந்த நாலு தோழிகளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் குடுங்க. பழசைப் பூட்டிடலாம். எவன் தட்டினாலும் தட்டட்டும்." அத்தை அதைக் கவனிக்கவில்லை. வழியெல்லாம் அவள் பேசவே இல்லை. எந்த நேரமும் ஏதாவது சொல்லிக்கொண்டே நடக்கிறவள். அவள் பேசாமல் வந்தது தெருவில் எல்லாச் சத்தமும் நின்றுபோனது மாதிரி இருந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்து புது முகவரியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எழுதினோம். சலவைக் கடைக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அங்கேயே நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். ஒன்றை அழுத்து, நாலை அழுத்து என்று ஒரு குரல் சொன்னது. பிறகு ஒரே பாட்டு. அம்மா போனைக் காதில் வைத்தபடியே என்னோடு வீட்டுக்கு நடந்து வந்தாள். வீட்டுக்குள் வந்தபோதும் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"எவ்வளவு நேரமா?" என்று கேட்டாள் அத்தை.

அம்மா பத்து விரலையும் காட்டினாள்.

"பத்து நிமிஷமா? அதெல்லாம் ஒரு எக்ஸ்சேஞ்சா?" என்று ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தி, பாயில் போய் உட்கார்ந்துகொண்டாள். "விடு. வேணாம்னு எழுதிக் குடுத்தவ நான். அவங்க ஏன் எடுக்கணும்?"

அம்மா போனை வைத்தாள். அத்தைக்கு எதிரே போய்க் குந்தி உட்கார்ந்து, அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"நாளைக்குக் காலைல நேர்ல போறோம். நான் லீவு சொல்லிட்டேன். அழுறதுன்னா இப்பவே அழுது முடிச்சுடுங்க, அண்ணி. அங்க வந்து ஊரைக் கூட்டக் கூடாது."

"நான் எங்க அழுதேன்?" என்றாள் அத்தை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பதிவு மேசைக்கு முன்னால் நின்றோம். கண்ணாடித் தடுப்பில் கை நுழைகிற அளவுக்கு ஓர் அரைவட்டத் துவாரம். அதற்கு அந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஓர் எழுத்தர் அம்மா. அவர் மேசை மேல் கோப்புகள் இரண்டு கோபுரமாக நின்றன. எங்கள் அம்மா வாசல் காவலாளியிடம் தொடங்கிய சண்டையை உள்ளே வரும்வரை முடிக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நோயாளி அட்டையைத் துவாரத்தில் தள்ளினாள்.

எழுத்தர் அம்மா எண்ணைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"வியாபாரம் வளரட்டும்னு எழுதினது யாரு?"

அம்மா வாயைத் திறந்தாள். நடந்ததை அவள் பார்க்கவில்லை. அவளுக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. அத்தைக்குக் கேள்வி கண்ணாடிக்குப் பின்னால் சரியாகத் தெரியவில்லை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் துவாரத்துக்குக் குனிந்து சொன்னேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஆரம்பித்தேன். மூன்றாவது மணி, முழங்கால் தைலம், மிலிட்டரிக்காரர், காய்ச்சல், ஒரே பதிலை எல்லாருக்கும் ஒட்டியது, நான் கவனிக்காமல் தைத்துக்கொண்டிருந்தது, நாலாயிரத்தையும் அழித்தது. எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள்கூடச் சத்தம் போடவில்லை. கடைசியாக, "அவங்க வேணாம்னு சொல்லலை. அவங்க உங்க கடிதத்தைப் படிக்கவே இல்லை," என்றேன்.

எழுத்தர் அம்மா தாளைக் கீழே வைத்தார்.

"இருபது வருஷமா இந்த மேசையில இருக்கேன். முறை வந்துடுச்சுன்னு சொன்னா அழுறவங்களைப் பாத்திருக்கேன், மயங்கி விழுறவங்களைப் பாத்திருக்கேன். உங்க வியாபாரம் வளரட்டும்னு ஆஸ்பத்திரியை வாழ்த்தின ஆளை இப்பத்தான் பாக்குறேன்." அவர் உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "டாக்டர்கிட்ட காட்டினேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரிச்சார். அப்புறம் சொன்னார், ரெண்டு வருஷம் காத்திருந்த பேஷண்ட் இப்படி எழுதமாட்டாங்க, இதுல ஏதோ குழப்பம் இருக்கு, பேரை அடிக்காதீங்க, கேட்டுப் பாருங்கன்னு. திங்கட்கிழமை கேட்டு எழுதினேன். பெட்டி நிரம்பிடுச்சுன்னு திரும்பி வந்துச்சு. செவ்வாய்க்கிழமையும் எழுதினேன். அதுவும் திரும்பிடுச்சு. சரி, போன்லயாவது கேப்போம்னு பாரத்தை எடுத்தா, நம்பர் கட்டத்துல கோடு! அதுவும் ஸ்கேல் வெச்சுப் போட்ட கோடு."

அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை கூரையைப் பார்த்தாள்.

"நேத்து புதுசா ஒரு முகவரியிலேர்ந்து வந்திருந்தது உங்களுதா? அது யாருன்னே தெரியலை, ஒதுக்கி வெச்சேன்." அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்குப் பன்னிரண்டு மணி வரைக்கும் இடத்தை வெச்சிருக்கச் சொல்லியிருக்கார். பத்தே காலுக்கே வந்துட்டீங்க. அடுத்த மாசம் ஒன்பதாம் தேதி அட்மிஷன். இங்க ஒரு கையெழுத்து."

அத்தைக்கு எழுதிக் காட்ட நான் பையைத் துழாவினேன்.

"என்ன சொல்றாங்க? சிரிக்கிறாங்களே, என்ன சொல்றாங்க?" என்று அத்தை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பையில் தாள் இருந்தது, பேனா அகப்படவில்லை. நான் அவள் முகத்துக்கு எதிரே நின்று, முடிந்த அளவுக்கு வாயைத் திறந்து சொன்னேன்: "உங்க முறை போகலை. உங்களுக்குத்தான்."

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். அவளுக்கு முதல் தடவையே புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அத்தை கையெழுத்துப் போட்டாள். பெயரின் கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. "ஒரு போன் நம்பர் குடுங்க," என்று எழுத்தர் அம்மா கேட்டு வாய் மூடுவதற்குள் எங்கள் அம்மா தன் எண்ணைச் சொன்னாள், சலவைக் கடை எண்ணைச் சொன்னாள், பக்கத்து வீட்டு எண்ணைச் சொன்னாள், அப்பாவின் கப்பல் எண்ணை ஆரம்பித்தாள்.

"போதும்மா, கட்டம் ஒண்ணுதான் இருக்கு."

அத்தை துவாரத்துக்குக் குனிந்தாள். "ரொம்ப நன்றி. டாக்டருக்கும் சொல்லுங்க. வீட்டுக்குப் போனதும் விவரமா ஒரு கடிதம் எழுதுறேன் உங்களுக்கு."

எழுத்தர் அம்மா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "வேண்டாம் தாயே. ஆபரேஷன் முடியிற வரைக்கும் நீங்க யாருக்கும் எதுவும் எழுதாதீங்க."

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் கொல்லென்று சிரித்தார். அத்தைக்கு அது தெரியாது. ஆனால் எங்கள் முகத்தைப் பார்த்து அவளும் சிரித்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. அத்தையும் அம்மாவும் ஒரு இருக்கையில், நான் எதிரே. முதல் இரண்டு நிறுத்தம் வரை அத்தை பேசிக்கொண்டே வந்தாள். அந்த எழுத்தர் அம்மாவின் மூக்குக்கண்ணாடிச் சங்கிலி, காவலாளியின் மீசை, அம்மா போட்ட சண்டை. "என்னைத் திட்டுறதுக்கு மட்டும்தான் உனக்கு வாய்னு நினைச்சேன்," என்றாள் அம்மாவிடம். மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு வாக்கியத்தின் நடுவில் தூங்கிப்போனாள். மூன்று நாளாகச் சரியாகத் தூங்கியிருக்கமாட்டாள். தலை மெல்லச் சாய்ந்து அம்மாவின் தோளில் விழுந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

அம்மா அசையவில்லை. மடியில் இருந்த பையைக்கூட நகர்த்தாமல், நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் நிறுத்தம் வந்தது. நான் எழுந்தேன். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். சலவைக் கடை போனது, எலி டாக்டர் கடை போனது, நாங்கள் எப்போதும் போகாத தெருக்களெல்லாம் வந்தன. வெயில் ஜன்னலில் ஏறி அத்தையின் முகத்தில் பட்டபோது அம்மா கையை உயர்த்தி மறைத்துக்கொண்டாள். கை வலித்திருக்கும். கடைசி நிறுத்தம் வரை இறக்கவில்லை.

நடத்துனர் வந்து தகரத்தைத் தட்டியபோதுகூட அத்தை எழவில்லை. பஸ் நின்று, குலுக்கல் அடங்கியதும்தான் கண் விழித்தாள். வெளியே பார்த்தாள்.

"இது எங்கே? நம்ம நிறுத்தம் போயிடுச்சா? எழுப்பியிருக்கக் கூடாதா?"

அம்மா தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே, ஒவ்வொரு சொல்லாக, தெளிவாகச் சொன்னாள்: "எழுப்பினேன். உங்களுக்குத்தான் கேக்கலை."

அத்தை என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.